பிரசவத்திற்குச் சுங்கமா?

பெண்கள் படிக்க வேண்டும், உத்தியோகம் பார்க்க வேண்டும், தகப்பன் கையையோ புருஷன் கையையோ எதிர்பாராமல் தங்கள் ஜீவனத்தைத் தாங்களே நடத்திக்கொள்ள வேண்டும் என்று சொன்னால் இன்றைக்கு வெளிப்படையாய் ஆக்ஷேபிக்கிறவர்கள் அதிகம் பேர் இல்லை. ஆக்ஷேபணை உள்ளவர்கள்கூட வீட்டுக்குள் இருந்து முணுமுணுப்பார்களே ஒழிய மேடையேறிச் சொல்லமாட்டார்கள். ஆனால், அப்படி உத்தியோகத்திற்குப் போன பெண் கர்ப்பமானால் அவளுடைய வேலை என்னவாவது, சம்பளம் என்னவாவது என்று கேட்டுப் பாருங்கள். பெண் முன்னேற்றம் பேசினவர்களில் பாதிப் பேருக்குக் காது கேளாமல் போய்விடும். மீதிப் பேர் "அது அவரவர் சொந்த விஷயம்" என்று சொல்லித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிடுவார்கள். இந்த அலட்சியத்திற்குப் பலியாகிறவர்களில் ஒரு கூட்டத்தாரைப் பற்றி யாருமே பேசுவதில்லை. அவர்கள் ஒப்பந்தத்தின் பேரில் அந்நிய நாடுகளுக்குப் போய்ப் பள்ளிக்கூடங்களில் பாடம் சொல்லும் நமது உபாத்தியாயினிகளேயாவார்கள்.

வடசென்னையில், தண்டையார்பேட்டையைத் தாண்டித் திருவொற்றியூருக்குப் போகும் வழியில் டோல்கேட் என்று ஓர் இடம் இருக்கிறது. ஒரு காலத்தில் போகிற வண்டியையும் வருகிற வண்டியையும் மறித்துச் சுங்கம் வாங்கின இடம் என்பது அதன் பெயரிலேயே விளங்கும். அந்தக் கேட்டு போய்விட்டது; பெயர் மாத்திரம் நிற்கிறது. 2021-ம் வருஷம் பிப்ரவரி முதல் மெட்ரோ ரயிலும் அங்கே நின்று போகிறது. அந்த வட்டாரத்திலே ஹார்பரிலும், எண்ணூர் லேலண்டிலும், திருவொற்றியூர் எம்.ஆர்.எப்.பிலும், விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலையிலும் உடம்பை உருக்கி உழைத்த தகப்பன்மார்கள் தங்கள் பெண்களைப் பி.ஏ., பி.எஸ்ஸி., பி.எட். வரையில் படிக்க வைத்தார்கள். அந்தப் பெண்களுக்கு உள்ளூரில் தனியார் பள்ளிக்கூடத்தில் கிடைக்கிற சம்பளம் பஸ் செலவுக்கும் வீட்டு வாடகைக்கும் காணாமல் போகும்போது, மாலத்தீவுக்கோ, துபாய்க்கோ, மஸ்கட்டுக்கோ ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டு புறப்படுகிறார்கள். இது குற்றமுமல்ல, பேராசையுமல்ல. உழைப்புக்கு எங்கே விலை கிடைக்கிறதோ அங்கே போவது மனித சுபாவமேயாகும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு வேடிக்கை உண்டு. தகப்பனுடைய தொழிற்சாலையிலும் "ஒப்பந்தம்" என்ற சொல் உண்டு. மகளுடைய வேலையிலும் "ஒப்பந்தம்" என்ற சொல் உண்டு. தகப்பனுக்கு ஒப்பந்தம் என்றால், ஆயிரம் பேர் ஒன்று கூடி, சங்கம் வைத்து, வேலை நிறுத்தமும் செய்து, முதலாளியை எதிரே உட்காரவைத்துப் பேசி வாங்கின காகிதம். 1918-ம் வருஷம் ஏப்ரலில் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் ஏற்பட்டது முதல் வடசென்னைத் தொழிலாளி கற்றுக்கொண்ட பாடம் அது. மகளுக்கோ ஒப்பந்தம் என்றால், ஏஜெண்டு ஒருவன் நீட்டுகிற கடுதாசியில் அவள் தனியாளாய், அவசரத்தில், விமானத்திற்கு நேரமாகிவிட்டது என்ற பயத்தில் போடுகிற கையெழுத்து. தகப்பனுடைய ஒப்பந்தம் அவனுக்குப் பாதுகாப்பு. மகளுடைய ஒப்பந்தம் முதலாளிக்குப் பாதுகாப்பு. சொல் ஒன்றாயிருப்பதனாலேயே இரண்டும் ஒன்றென்று நினைத்துவிடக்கூடாது.

ஒப்பந்தம் எழுதிக் கடல் கடப்பதும் நம்மவர்களுக்குப் புதிதல்ல. 1860-ம் வருஷம் அக்டோபரில் இந்தச் சென்னைக் கரையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் நம் ஜனங்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, நவம்பர் 16-ந் தேதி தென்னாப்பிரிக்காவில் நேட்டாலைச் சேர்ந்தது. அவர்களும் சம்மதித்துத்தான் போனார்கள் என்று அன்றைய துரைமார்கள் சொன்னார்கள். இன்றைய உபாத்தியாயினி கரும்புத் தோட்டத்துக் கூலியல்ல. அவளை யாரும் சாட்டையால் அடிக்கப்போவதில்லை. இரண்டையும் ஒன்றென்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் "நீயாகத்தானே கையெழுத்துப் போட்டாய்" என்கிற அந்தப் பழைய நியாயம் மாத்திரம் அப்போது எப்படியோ அப்படியே இப்போதும் இருந்து வருகிறது.

இனி, போகிற நாடுகளில் சட்டம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். மாலத்தீவில் 2008-ம் வருஷத்து வேலைச் சட்டம் பிரசவத்திற்குச் சம்பளத்துடன் 60 நாள் லீவு வைத்தது. ஐக்கிய அரபு நாட்டில் 2022 பிப்ரவரியில் அமுலுக்கு வந்த தனியார் தொழில் சட்டப்படி 60 நாள். அதில் 45 நாளைக்கு முழுச் சம்பளம், 15 நாளைக்கு அரைச் சம்பளம். சவூதியில் 2025 பிப்ரவரி முதல் 12 வாரம். ஓமனில் 2023-ம் வருஷத்துச் சட்டப்படி 98 நாள். மலேசியாவில் 60 நாளாக இருந்ததை 2023 ஜனவரி முதல் 98 நாளாக்கினார்கள். இந்த 98 நாள் என்பது 14 வாரம். உலகத் தொழில் ஸ்தாபனம் 2000-ம் வருஷத்தில் செய்த ஏற்பாட்டில் பிரசவ லீவுக்குக் குறைந்தபட்ச அளவு என்று வைத்ததும் இதே 14 வாரந்தான்.

"அறுபது நாள் கிடைக்கிறதே, அது போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். கர்ப்பம் 36 வாரத்தைத் தாண்டிவிட்டால் விமானக் கம்பெனிகள் பொதுவாக அந்தப் பெண்ணை ஏற்றிக்கொள்ளுவதில்லை. அந்நிய நாட்டில் தாயும் இல்லை, அக்காளும் இல்லை. மாலத்தீவிலோ, கடல் நடுவே சிதறிக் கிடக்கும் சின்னத் தீவுகளில் ஒன்றில் பள்ளிக்கூடம். பெரிய ஆஸ்பத்திரி என்றால், இந்தியாவின் உதவியால் 1995-ல் ஏற்பட்ட இந்திராகாந்தி ஞாபகார்த்த ஆஸ்பத்திரி தலைநகரமான மாலேயில் இருக்கிறது. ஆகவே பிரசவத்திற்கு அவள் ஊருக்கு வரத்தான் வேண்டும். 36 வாரத்திற்குள் விமானம் ஏறினால், 40 வாரத்தில் பிரசவம் என்று வைத்துக்கொண்டாலும், பிள்ளை பிறக்கு முன்னமே 28 நாள் போய்விட்டது. மிச்சம் 32 நாள். அந்த 32 நாளுக்குள் உடம்பு தேற வேண்டும், பிள்ளைக்குப் பிறப்பு சர்டிபிகேட்டு வாங்க வேண்டும், பாஸ்போர்ட்டு வாங்க வேண்டும், விசா வாங்க வேண்டும், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் விமானம் ஏற வேண்டும். இது முடிகிற காரியமா? முடியாது. ஆகவே பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போக வேண்டும். அல்லது வேலையை விட்டுவிட வேண்டும். பிள்ளைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது. 32 நாளில் பாலை நிறுத்து என்று ஒப்பந்தம் சொல்லுகிறது. நாம் யார் சொல்லைக் கேட்பது?

நிற்க. லீவு நாள் குறைவு என்பதைவிடப் பெரிய சூது ஒன்று இருக்கிறது. அதுதான் ஒப்பந்தம் முடிகிற தேதி. கர்ப்பத்திற்காக ஒருத்தியை வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்று பல நாடுகளின் சட்டத்திலும் இருக்கிறது. நல்லது. ஆனால் ஒப்பந்தக்காரியை யாரும் நீக்க வேண்டிய அவசியமே இல்லையே! வயிறு தெரிகிற மாதம் பார்த்து, "உன் ஒப்பந்தம் இன்ன தேதியோடு முடிகிறது, புதுப்பிப்பதாக உத்தேசமில்லை" என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும். கேட்டால், "நாங்கள் நீக்கவில்லை, அதுவாக முடிந்துவிட்டது" என்பார்கள். விளக்கை அணைக்கவில்லை, எண்ணெய் ஊற்றாமல் இருந்தோம் என்பது போன்ற யோக்கியமான பதில் இது!

இந்தச் சூதை நம் நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு 2023-ம் வருஷம் ஆகஸ்டில் உடைத்தெறிந்தது. டில்லியில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒப்பந்தத்தின் பேரில் வேலை பார்த்த பெண் டாக்டர் ஒருவர் 2017 ஜூன் 1-ந் தேதி முதல் பிரசவ லீவு கேட்டார். ஜூன் 11-ந் தேதியோடு ஒப்பந்தம் முடிகிறது, ஆகையால் உனக்கு 11 நாள்தான் லீவு என்று சொல்லிவிட்டார்கள். 26 வாரத்திற்குப் பதில் 11 நாள்! ஒப்பந்தம் முடிந்தாலும் பிரசவச் சட்டப்படியுள்ள சம்பளமும் மற்றப் பலனும் முழுக்காலத்திற்கும் கொடுத்தே தீர வேண்டும் என்று கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. அதற்கு முன்பே, 2000-ம் வருஷத்தில், டில்லி நகரசபையில் தினக்கூலிக்கு வேலை செய்த பெண்களுக்கும் அந்தச் சட்டம் உண்டு என்று தீர்ப்பாயிருக்கிறது. 1991-ல், கர்ப்ப விவரத்தையும் மாதவிலக்கு விவரத்தையும் பாரத்தில் கேட்டு, சரியாய்ச் சொல்லவில்லை என்று ஒரு பெண்ணை வேலையை விட்டு நீக்கிய எல்.ஐ.சி.க்கு, இப்படியெல்லாம் கேட்பதே மானக்கேடு என்று சொல்லி, அந்தப் பெண்ணைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் செய்ததும் அதே கோர்ட்டுதான். அமெரிக்காவிலும் உபாத்தியாயினிகள் கர்ப்பமாகி நாலைந்து மாதமானால் கட்டாயமாக வெளியே போக வேண்டும் என்று சில பள்ளி நிர்வாகங்கள் விதி வைத்திருந்ததை, அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு 1974-ல் செல்லாது என்று தள்ளிற்று.

இந்தத் தீர்ப்புகளெல்லாம் நம் நாட்டு எல்லையோடு, அல்லது அந்தந்த நாட்டு எல்லையோடு நின்றுவிடுகின்றன. கடலைத் தாண்டிப் போன டோல்கேட் பெண்ணுக்கு டில்லித் தீர்ப்பு துணைக்குப் போகாது. அப்படியானால் அவளுக்குத் துணை யார்?

நம் சர்க்கார்தான் என்று சொல்ல வேண்டும். ஆனால் சர்க்கார் ஏற்பாட்டைப் பாருங்கள். 1983-ம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ், பத்தாவது வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா முதலிய நாடுகளுக்கு வேலைக்குப் போனால் அவர்களுடைய ஒப்பந்தத்தை அதிகாரி பார்த்து அனுமதி கொடுக்க வேண்டும் என்று வைத்தார்கள். படித்தவர்களுக்கு அது வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். படித்தவள் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளுவாள் என்பது எண்ணம். படித்தவளுக்குக் கடுதாசியில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியும், வாஸ்தவந்தான். எழுதாமல் விட்டிருப்பதைத் திருத்தி எழுதச் சொல்ல அவளுக்குப் பலம் எங்கே இருக்கிறது? நர்சுகள் விஷயத்தில் மோசடி அதிகமானபோது, 2015-ம் வருஷத்தில், அந்த நாடுகளுக்கு நர்சுகளைச் சர்க்கார் ஸ்தாபனங்கள் மூலமாகவே அனுப்ப வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். நர்சுக்கு முடிந்தது உபாத்தியாயினிக்கு ஏன் முடியாது?

நம் மாகாணச் சர்க்காரின் யோக்கியதையையும் சொல்லத்தான் வேண்டும். நிரந்தர உத்தியோகத்திலுள்ள பெண்களுக்கு 2021 ஜூலை முதல் ஒரு வருஷம் பிரசவ லீவு சம்பளத்துடன் கொடுத்திருக்கிறார்கள். இதை மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் 2012-ம் வருஷத்தில் மாதம் 5,000 ரூபாய்க்கு 16,549 பேரைப் பகுதி நேர ஆசிரியர் என்று எடுத்து, மே மாதத்திற்குச் சம்பளமே இல்லாமல் வருஷக்கணக்காய் வேலை வாங்கினதும் இதே மாகாணத்தில்தான். கோடை லீவுக்கே சம்பளம் இல்லாதவள் பிரசவ லீவைப் பற்றி எந்த வாயால் கேட்பாள்? ஒப்பந்த நர்சுகள் 2024-ல் சென்னை ஹைகோர்ட்டு வரையில் போய்த்தான், ஒப்பந்த ஷரத்தைவிடப் பிரசவச் சட்டமே மேலானது என்று சொல்ல வைக்க வேண்டியிருந்தது. தருமபுரி ஜில்லாவில் நிரந்தர உத்தியோகத்திலிருந்த ஒரு சர்க்கார் பள்ளிக்கூட உபாத்தியாயினிக்கு, மறுமணத்திற்குப் பின் உண்டான பிரசவம் மூன்றாவது என்று சொல்லி 2021-ல் லீவு மறுத்தார்கள். 2025 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு அவளுக்கு லீவு உண்டு என்றது. தீர்ப்பு வருவதற்குள் அந்தப் பிள்ளைக்கே பள்ளிக்கூடம் போகிற வயது வந்துவிட்டது! பக்கத்துக் கேரளத்தில் தனியார் பள்ளிக்கூட உபாத்தியாயினிகளையும் 2020-ல் பிரசவச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். அந்த 1961-ம் வருஷத்துச் சட்டம் 2025 நவம்பர் முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அடங்கிவிட்டது. 26 வாரம் என்ற அளவு அதிலும் இருக்கிறது. ஆகவே நம் வீட்டில் செய்யாததை அடுத்த வீட்டுக்காரனிடம் எப்படிக் கேட்பது என்கிற கூச்சம் சர்க்காருக்கு வருமானால், அதற்கு மருந்து கேளாமல் இருப்பதல்ல. முதலில் வீட்டில் செய்வதேயாகும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் ஆக்ஷேபணைகளையும் பார்ப்போம்.

வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் எதற்கு என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யாமல்தானே மாதச் சம்பளம் வாங்குகிறார்கள்? ஜுரம் வந்தால் லீவு கொடுக்கிறார்களே, ஜுரத்தால் நாட்டுக்கு என்ன லாபம்? பள்ளிக்கூடம் நடத்துகிறவன் முதலில் ஒன்றை யோசிக்க வேண்டும். பெண்கள் பிள்ளை பெறுவதை நிறுத்திவிட்டால் அவன் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படிப்பது யார்? அவனுடைய வியாபாரமே பிரசவத்தின் மேல் நடக்கிறது. பிரசவ லீவு மாத்திரம் அவனுக்கு நஷ்டமாம்!

பிள்ளைகளின் படிப்புக் கெட்டுவிடும் என்கிறார்கள். கர்ப்பம் திடீரென்று இரவில் வந்து காலையில் பிரசவமாகிறதல்ல. ஆறு மாதம் முன்னாலேயே தெரிகிற விஷயத்திற்கு ஒரு பதில் ஆளை ஏற்பாடு செய்ய முடியாத நிர்வாகி, கெட்டிக்காரத்தனம் போதாது என்று தன்னைத் தானே ஒப்புக்கொள்ளுகிறான்.

லீவு கேட்டால் பெண்களையே வேலைக்கு எடுக்கமாட்டார்கள் என்கிறார்கள். இது ஒன்றுதான் யோசிக்கத்தக்க ஆக்ஷேபணை. ஆனால் இதற்கும் வழி இருக்கிறது. செலவை ஒரு முதலாளி தலையில் வைக்காமல் எல்லாரிடமும் வசூலித்த பொது நிதியிலிருந்து கொடுக்கலாம். 1948-ம் வருஷத்துச் சட்டத்தால் ஏற்பட்ட இ.எஸ்.ஐ.யின் அடிப்படை அதுவேதான். பிள்ளைக்குத் தகப்பன் ஒருவன் இருக்கிறான் அல்லவா, அவனுக்கும் லீவு கொடுக்கலாம். ஸ்வீடனில் 1974 முதல் அப்படிச் செய்து வருகிறார்கள். ஆணை எடுத்தாலும் லீவு, பெண்ணை எடுத்தாலும் லீவு என்றாகிவிட்டால், பெண்ணை ஒதுக்குவதால் முதலாளிக்கு ஆகப்போகிற லாபம் என்ன?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. தாய்மையைத் தெய்வம் என்று பாடுகிறவர்கள் இவர்கள். டோல்கேட்டுக்கு அப்பால் திருவொற்றியூரில் அம்மனுக்குக் குடம் குடமாய்ப் பால் ஊற்றுகிறார்கள். கல்லாயிருக்கும் தாய்க்குப் பசியுமில்லை, லீவும் வேண்டியதில்லை. ரத்தமும் சதையுமாயிருந்து பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டியவள் லீவு கேட்டால் மாத்திரம், "இந்தக் காலத்துப் பெண்களுக்கு எதற்கெடுத்தாலும் உரிமை" என்று இந்தப் பக்தர்களே சலித்துக்கொள்ளுகிறார்கள். சீமந்தத்திற்கும் வளைகாப்புக்கும் கடன் வாங்கிச் செலவு செய்கிற வீட்டில், மருமகளின் ஒப்பந்தத்தில் பிரசவ ஷரத்து உண்டா என்று ஒருவராவது கேட்டிருப்பார்களா? தாய்மை பெரிது என்பது மெய்யானால் அதைச் சம்பளப் பட்டியலில் காட்டட்டும். ஸ்தோத்திரத்தில் காட்டுவது யாருக்கும் செலவில்லாத காரியம்.

1929-ம் வருஷம் பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாட்டில், பெண்கள் உத்தியோகத்திற்கு வரவேண்டும், முக்கியமாய் உபாத்திமைத் தொழிலில் அதிகமாய் அமர்த்தப்பட வேண்டும் என்று தீர்மானம் செய்தார்கள். அன்றைக்கு அதைக் கேலி செய்தவர்களின் பேத்திகள் இன்று உபாத்தியாயினிகளாயிருக்கிறார்கள். தீர்மானம் பாதி நிறைவேறிவிட்டது. மீதிப் பாதி என்னவென்றால், உத்தியோகத்திற்கு வந்தவள் பெண்ணாயிருந்துகொண்டே அதில் நிலைத்திருக்க வேண்டும் என்பதேயாகும். ஆணைப் போல் இருக்கிற வரையில்தான் உனக்கு வேலை, பெண் என்று உன் உடம்பு காட்டின மாதத்தில் வெளியே போ என்றால், அது பெண்ணுக்கு வேலை கொடுத்ததாகாது.

ஆகவே நாம் கேட்பது இவைதான். அந்நிய நாட்டுக்கு உபாத்தியாயினிகளை அனுப்பும் ஏஜெண்டுக்குச் சர்க்கார் அனுமதி கொடுக்கும்போதே, ஒப்பந்தத்தைத் தமிழிலும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும், 14 வாரத்திற்குக் குறையாத பிரசவ லீவு முழுச் சம்பளத்துடன் அதில் இருக்க வேண்டும் என்றும், லீவு நடுவில் ஒப்பந்தம் முடிந்தாலும் லீவுச் சம்பளம் நிற்கக்கூடாது என்றும், கர்ப்பத்திற்காக ஊர் திரும்பினால் அபராதமோ டிக்கெட்டுச் செலவோ வசூலிக்கக்கூடாது என்றும் நிபந்தனை போட வேண்டும். 1978-ல் ஏற்பட்ட நம் மாகாணத்து அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இப்படி ஒரு மாதிரி ஒப்பந்தத்தை அச்சிட்டு, அதன்படி ஆள் எடுக்கச் சம்மதிக்கிற பள்ளிக்கூடங்களுக்கே உபாத்தியாயினிகளை அனுப்ப வேண்டும். உள்ளூரில் ஒப்பந்தம், பகுதி நேரம், கௌரவம் என்று பல பெயர் வைத்து வேலை வாங்கப்படும் பெண்களுக்கும் அதே நியாயத்தைச் சர்க்கார் செய்ய வேண்டும்.

போகிற பெண்களுக்கும் ஒரு வார்த்தை. கையெழுத்துப் போடுமுன் நாலு கேள்வி கேளுங்கள். பிரசவ லீவு எத்தனை நாள்? அதில் சம்பளம் எவ்வளவு? லீவு நடுவில் ஒப்பந்தம் முடிந்தால் என்ன? நடுவில் திரும்பினால் யார் யாருக்குப் பணம் கொடுக்க வேண்டும்? பதிலை வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வாங்குங்கள். தனியாய்க் கேட்கப் பயமாயிருந்தால் பத்துப் பேராய்ச் சேர்ந்து கேளுங்கள். இந்த வித்தையைக் கற்றுக்கொள்ள வெகு தூரம் போக வேண்டியதில்லை. சங்கத்தில் சந்தா கட்டி, கொடி பிடித்து, போனஸும் லீவும் வாங்கின தகப்பன் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறான். தனக்காக அவன் கேட்டதை மகளுக்காகவும் கேட்கட்டும்.

ரோட்டில் போகிற வண்டிக்கு வாங்கின சுங்கத்தை டோல்கேட்டில் நிறுத்தி எத்தனையோ காலமாயிற்று. பிள்ளை பெறுகிற பெண்ணிடம் வாங்குகிற சுங்கத்தை நிறுத்துவது எப்போது என்று கேட்கின்றோம்.